ரெட்வுட் காடும் கடலும்: ஆர்.வி.யில் தங்கிவர ஒரு முழு வழிகாட்டி

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களில் ஆர்.வி. (வீடுபோலப் படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) பயணம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது வண்டிதான். எத்தனை பேர் படுக்கலாம், ஷவர் உண்டா, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குத் தனிக் கட்டில் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்து, 30 அடி மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டு, அதற்கப்புறம் தங்க இடம் தேடுவார்கள். ரெட்வுட் என்ற ஓங்கி வளரும் மரங்கள் நிற்கும் வட கலிஃபோர்னியக் கடற்கரைக்கு இந்த வரிசை சரிப்படாது. அங்கிருக்கும் நல்ல கேம்ப்கிரவுண்டுகள் மரத்தை வெட்டாமல், மரங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் போட்டவை. 30 அடி வண்டி அவற்றில் பெரும்பாலானவற்றில் நுழையாது. முதலில் இடம், அடுத்து தேதி, கடைசியில்தான் வண்டி.

இங்கே சொல்லப்போவது ஹைவே 101-ஐ ஒட்டிய பகுதி பற்றி. தெற்கே லெகெட் ஊரில் தொடங்கி, வடக்கே ஆரிகன் எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் கிரெசென்ட் சிட்டி வரை. ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க், பிரெய்ரி கிரீக், டெல் நோர்ட்டே கோஸ்ட், ஜெடடையா ஸ்மித் ஆகிய நான்கும் இந்த வழியில்தான் வருகின்றன. கடைசி மூன்றும், 1968-ல் உருவான ரெட்வுட் தேசியப் பூங்காவும் சேர்ந்து ஒரே நிர்வாகமாக நடக்கின்றன. தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்டேட் பார்க்குகளில் சில இடங்களில் பகல் கட்டணம் உண்டு.

எந்த மாதம்?

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை குறைவு, கூட்டம் அதிகம். ஆனால் கோடை என்று சொல்லி அரைக்கை பனியனோடு போனால் நடுங்கவேண்டியதுதான். சாக்ரமென்டோவில் 40 டிகிரி கொளுத்தும் நாளில் கிரெசென்ட் சிட்டியில் 15, 16 டிகிரி இருக்கும். காலையில் மூடுபனி கடலிலிருந்து ஏறி வந்து மரங்களில் தங்கி, இலை நுனிகளிலிருந்து சொட்டும். மழை இல்லாத மாதங்களில் ரெட்வுட்களுக்குத் தண்ணீர் தருவதே இந்த மூடுபனிதான். வண்டிக் கூரையில் இரவு முழுக்க டப் டப் என்று சத்தம் கேட்டால் மழை என்று பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை போவதுதான் உசிதம். பள்ளி திறந்துவிடுவதால் இடம் கிடைக்கும், மூடுபனியும் குறையும். டெல் நோர்ட்டே கோஸ்டில் இருக்கும் மில் கிரீக் கேம்ப்கிரவுண்ட் கோடையில் மட்டும் திறந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நவம்பருக்குப் பிறகு கனமழை, மரக்கிளை விழுவது, மலைச்சரிவால் சாலை மூடுவது எல்லாம் சகஜம்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஹம்போல்ட் ரெட்வுட்ஸில் இருக்கும் பர்லிங்டன் கேம்ப்கிரவுண்டில் அதிகபட்ச நீளம் 24 அடி. பிரெய்ரி கிரீக்கின் எல்க் பிரெய்ரியில் மோட்டார் ஹோமுக்கு 27 அடி, இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு 24 அடி. ஜெடடையா ஸ்மித், மில் கிரீக் இரண்டும் கிட்டத்தட்ட இதே அளவுக்குள்தான். டிரினிடாட்டுக்கு வடக்கே கடற்பாறை மேல் இருக்கும் சூ-மெக் ஸ்டேட் பார்க் கொஞ்சம் தாராளம், 31 அடி வரை விடுகிறார்கள். (பழைய வரைபடங்களில் இதைப் பேட்ரிக்ஸ் பாயின்ட் என்று தேட வேண்டும். 2021-ல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான யுரோக் மக்கள் வழங்கிவந்த பெயருக்கே மாற்றிவிட்டார்கள்.)

இவை பூங்காவுக்கான பொது அளவுகள். உள்ளே ஒவ்வொரு சைட்டுக்கும் (ஒரு வண்டி நின்று தங்கும் இடம்) தனி நீளம் இருக்கும். 27 அடி அனுமதிக்கும் பூங்காவிலேயே 18 அடி மட்டும் கொள்ளும் சைட்டும் உண்டு. முன்பதிவுப் பக்கத்தில் சைட் எண்ணைத் தொட்டால் நீளம், சாய்வு, நிழல் எல்லாம் வரும். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எல்லோரும் கேட்பது கோல்ட் பிளஃப்ஸ் பீச். முன்னால் கடல், பின்னால் செங்குத்து மண்மேடு, நடுவில் மணலில் வண்டி. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அங்கே போகும் டேவிசன் ரோடு மண் சாலை. 24 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் அனுமதி இல்லை. டிரெய்லர் அறவே கூடாது. நீளத்தில் தப்பும் மோட்டார் ஹோம்கள் பலவும் அகலத்தில் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இந்த இடம் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்குத்தான்.

இன்னொரு விஷயம்: மேலே சொன்ன அரசுப் பூங்காக்களில் ஹுக்கப் கிடையாது. அதாவது சைட்டில் மின்சாரமோ குழாய்த் தண்ணீர் இணைப்போ கழிவுக் குழாயோ இருக்காது. கழிப்பறையும் காசு போட்டுக் குளிக்கும் ஷவரும் பொதுவில் இருக்கும். முழு ஹுக்கப் வேண்டுமென்றால் தனியார் ஆர்.வி. பார்க்குகளுக்குப் போக வேண்டும். கார்பர்வில் பக்கத்தில் பென்போ, யுரேகா, டிரினிடாட், கிளாமத், கிரெசென்ட் சிட்டி ஆகிய இடங்களில் உண்டு. நீளமான வண்டியும் அங்கே நிற்கும்.

இரண்டு இரவு காட்டில், ஓர் இரவு தனியார் பார்க்கில் என்று மாற்றி மாற்றிப் போடுவது நல்ல திட்டம். மூன்றாம் நாள் பேட்டரி ஏறும், டாங்க் காலியாகும், வயதானவர்கள் சுடுதண்ணீரில் ஆறஅமரக் குளிப்பார்கள்.

இரண்டாம் படி: முன்பதிவு

ஸ்டேட் பார்க் இடங்களை ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் எடுக்க வேண்டும். தங்கப்போகும் நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னதாக, பசிபிக் நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை மாத வெள்ளி, சனி இடங்களுக்குத் தட்கல் டிக்கெட் எடுப்பதுபோல 7:55-க்கே கணக்கில் நுழைந்து, சைட் எண்களை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லையா, காத்திருப்போர் அறிவிப்பில் பெயரைப் போட்டு வையுங்கள். ரத்தாகும் இடங்கள் கடைசி வாரங்களில் வரும். வார நாட்கள் என்றால் நிச்சயம் ஏதாவது தேறும்.

மூன்றாம் படி: வண்டி

சைட் உறுதியானதும் வண்டி எடுங்கள். டிரைவர் சீட்டுக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி மோட்டார் ஹோமில் 25 அடி அளவு நாலு பேருக்குத் தாராளம் (பர்லிங்டனில் தங்குவதென்றால் 24 அடிக்குள் பாருங்கள்). பிள்ளைகள் இருந்தால் ஐந்து. கலிஃபோர்னியாவில் 40 அடி வரையிலான மோட்டார் ஹோமைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

வாடகை என்று விளம்பரத்தில் காட்டுவது பாதிக் கணக்குதான். மைல் கட்டணம், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கான கட்டணம், பாத்திரம் போர்வைக்குத் தனி, கழிவு டாங்க்கைக் காலி செய்யாமல் திருப்பினால் அபராதம் என்று வரிசையாக வரும். பெட்ரோலும் சேரும்: காலனுக்கு 8 முதல் 10 மைல் கொடுத்தால் அதுவே நல்ல வண்டி. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிரெசென்ட் சிட்டி ஒரு வழி மட்டும் சுமார் 350 மைல். போகவர, சுற்றித்திரிய 850 மைல் என்று வைத்துக்கொண்டால் 85 முதல் 105 காலன் வரை ஆகும். இன்சூரன்ஸையும் கேட்டுத் தெளியுங்கள். சொந்தக் காருக்கான பாலிசியோ கிரெடிட் கார்டு பாதுகாப்போ வாடகை ஆர்.வி.க்குப் பல நேரம் செல்லாது.

வண்டியை ஒப்படைக்கும்போது அவசரப்படுத்துவார்கள். அவசரப்படாதீர்கள். ஸ்டவ், ஹீட்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் பம்ப், ஜெனரேட்டர் ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழிவுக் குழாய் ஓட்டை இல்லாமல் இருக்கிறதா, சமன்படுத்தும் கட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டியின் உயரத்தைக் கேட்டு, ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். 11, 12 அடி இருக்கும். காபிக் கடையின் டிரைவ்-த்ரூவில் ஏசி பெட்டியை உரசிக்கொள்பவர்கள் எல்லாம் உயரம் மறந்தவர்களே.

நான்காம் படி: சாலை

ஹைவே 1 கடலோரமாகப் போகிறதே, அதில் போய் லெகெட்டில் 101-ஐப் பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஃபோர்ட் பிராக்குக்கு வடக்கே ஹைவே 1 கடலை விட்டு மலையேறும்போது ஊசி வளைவுகளாகவே போகும். பின் சீட்டில் இருப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தே தீர்ந்துவிடும். போக வர 101-தான் ஆர்.வி.க்கு ஏற்றது.

அந்த 101-லும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. ரிச்சர்ட்சன் குரோவில் நெடுஞ்சாலையே மரங்களுக்குள் நுழைந்து செல்கிறது. அடிமரம் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிற்கும். எதிரே லாரி வந்தால் வலது பக்கக் கண்ணாடிமேல் ஒரு கண் இருக்கட்டும். கிளாமத்துக்கும் கிரெசென்ட் சிட்டிக்கும் இடையே லாஸ்ட் சான்ஸ் கிரேடு என்ற மலைச்சரிவுப் பகுதி இருக்கிறது. நிலம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே எப்போதும் ஏதோ ஒரு பராமரிப்பு வேலை, ஒற்றை வழி, காத்திருப்பு. மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் குயிக்மேப் செயலியைக் காலையிலேயே பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஸ்மித் ரிவர் காட்டுத்தீயின்போது கிரெசென்ட் சிட்டியிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ஹைவே 199 நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அந்தப் பக்கம் மாற்று வழி என்று பெரிதாக எதுவும் கிடையாது.

காரில் ஐந்து மணி நேரத்தில் யுரேகா போய்விடலாம், ஆர்.வி.யில் ஆறரை ஏழு ஆகும். டிரெய்லர் இழுத்தால் கலிஃபோர்னியாவில் சட்டப்படி 55 மைல் வேகம்தான். முதல் நாள் ஹம்போல்ட் ரெட்வுட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே 101-க்கு இணையாக ஓடும் பழைய நெடுஞ்சாலைதான் அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ், சுமார் 31 மைல். ஆர்.வி. தாராளமாகப் போகும். பர்லிங்டன் கேம்ப்கிரவுண்டும் அந்தச் சாலையிலேயே.

ஆர்.வி. போகக்கூடாத சாலைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஜெடடையா ஸ்மித்தின் ஹௌலண்ட் ஹில் ரோடு குறுகலான மண் சாலை. லேடி பர்ட் ஜான்சன் தோப்புக்குப் போகும் பால்ட் ஹில்ஸ் ரோடு 15 சதவீத ஏற்றம். கிளாமத் பக்கத்துக் கோஸ்டல் டிரைவும் கூடாது. மரத்தைக் குடைந்து கார் போக வழி விட்டிருக்கும் லெகெட்டின் ஷாண்டலியர் மரம் 6 அடி அகலம், 7 அடிக்கும் குறைந்த உயரம்; நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: போய் நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ரெட்வுட் காட்டுக்குள் மாலை ஐந்து மணிக்கே அந்தி மாதிரி இருக்கும். ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்டட்டும். ஓட்டுபவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்பதுதான் முக்கியம். தரையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே கிளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து சமன்படுத்துவது. வண்டி சாய்ந்து நின்றால் ப்ரோபேன் வாயுவில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது. சமையல் மேடையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே சாய்வு தெரியும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டை வைத்து ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டு வையுங்கள்.

இனி மின்சாரம். பயணம் இனிப்பதும் கசப்பதும் இதில்தான். ஹுக்கப் இல்லாத இடத்தில் உங்களுக்கு இருப்பது வண்டியின் உள்வசதிகளுக்கென்று இருக்கும் தனிப் பேட்டரி மட்டும். விளக்கு, வாட்டர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் அதில் ஓடும். மைக்ரோவேவ், ஏசி, மிக்ஸி ஓடாது. அதற்கு ஜெனரேட்டர் வேண்டும். ஹீட்டர் ப்ரோபேனில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில் சுற்றுகிறது, மணிக்கு 7, 8 ஆம்ப்-மணி தின்னும். சாதாரண 100 ஆம்ப்-மணி பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் உங்கள் கையில் இருப்பது 50. விசிறி நிற்காமல் ஓடினால் ஆறு மணி நேரத்தில் தீரும். ஆகவே தெர்மோஸ்டாட்டை 14, 15 டிகிரியில் வைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள். 300 அடி மரங்களின் நிழலில், மூடுபனியில் அது பேருக்குத்தான் வேலை செய்யும். ஜெனரேட்டர் ஓட்ட ஸ்டேட் பார்க்குகளில் காலை 10 முதல் இரவு 8 வரைதான் அனுமதி. அதற்குள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்றிக்கொள்ளுங்கள். வாடகை வண்டிகளில் ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோல் டாங்க்கிலிருந்தே குடிக்கும். கால் டாங்க்குக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும். ஊரைத் தாண்டும்போதெல்லாம் நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

ஆறாம் படி: தண்ணீரும் கழிவும்

நல்ல தண்ணீர் டாங்க் 35, 40 காலன் பிடிக்கும். நாலு பேர் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் முதல் காலையிலேயே காலி. உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்பு போட்டுவிட்டுத் திறக்க வேண்டும். அதைவிட, பூங்காவின் பொது ஷவருக்கே போய்விடுவது மேல்.

பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் கிரே டாங்க்குக்கும், கழிப்பறைத் தண்ணீர் பிளாக் டாங்க்குக்கும் போகும். இந்த வேலைக்கு வீட்டில் யாரும் முன்வர மாட்டார்கள், தெரிந்ததுதான். முறை தெரிந்தால் பத்து நிமிட வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை வண்டியில் மாட்டி முறுக்கிப் பூட்டிவிட்டு, மறுமுனையைத் தரையில் இருக்கும் துளையில் நன்றாகச் செருகுங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறக்க வேண்டும். சத்தம் நின்றதும் மூடிவிட்டு கிரே வால்வைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் அதே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு பிளாக் டாங்க்கில் கொஞ்சம் தண்ணீரும் மருந்தும் விடுங்கள். தங்கியிருக்கும்போது பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது கூடாது. திரவம் வடிந்து மற்றது காய்ந்து அடைத்துக்கொள்ளும். இப்படிக் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் எல்லாப் பூங்காவிலும் கிடையாது. முன்பதிவின்போதே எங்கே காலி செய்வது என்று தீர்மானியுங்கள். கிரே தண்ணீரைக் காட்டில் விடுவது குற்றம்.

ஏழாம் படி: சமையலும் காட்டு விருந்தாளிகளும்

இட்லி மாவை வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துப்போங்கள். அந்தக் குளிரில் மாவு பொங்காது. தாளிப்பதை வெளியே மேசைமேல் சின்ன ஸ்டவ்வில் வைத்துக்கொண்டால் புகை அலாரம் கத்தாது, படுக்கையெல்லாம் கடுகு வாசம் வீசாது. பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கையிலிருந்தால் சாதம் மட்டும் வடித்தால் போதும்.

மேசைக்கு அடியில் சிந்தும் மிக்சர், முறுக்குத் தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீலநிற ஸ்டெல்லர்ஸ் ஜே பறவையும் அண்டங்காக்கையும் அதைத் தின்ன வரும். வந்த இடத்தில் பெருகும். பிறகு ரெட்வுட் கிளைகளில் முட்டையிடும் மார்பிள்ட் மர்ரலெட் என்ற அருகிவரும் கடற்பறவையின் கூட்டைக் கொள்ளையடிக்கும். ஒரு பொடிகூட விடாமல் துடைத்துப் போடச் சொல்லிப் பூங்காக்காரர்கள் வற்புறுத்துவது அதனால்தான். கருங்கரடியும் உண்டு. சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியிலோ வண்டிக்குள் மூடியோ வையுங்கள். எல்க் பிரெய்ரியில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் சாலையோரம் கூட்டமாக மேயும். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்களுக்கு இணைசேரும் பருவம். பக்கத்தில் போய்ச் செல்ஃபி எடுத்தால் முட்டித் தள்ளிவிடும். 75 அடியாவது தள்ளி நில்லுங்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், மரநோயும் கூடவே போகும். அங்கேயே வாங்குங்கள்.

எட்டாம் படி: வண்டியை நகர்த்தாமல் பார்ப்பது

ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது அலுத்துவிடும். நடந்தே போகக்கூடிய கேம்ப்கிரவுண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் வண்டி நிற்கும் இடத்திலேயே நிற்கும். இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஜெடடையா ஸ்மித். கேம்ப்கிரவுண்டை ஒட்டிப் பச்சை நிறத்தில் ஸ்மித் ஆறு ஓடுகிறது. கோடையில் அதன்மேல் தற்காலிக நடைபாலம் போடுவார்கள். அதைக் கடந்து நடந்தால் ஸ்டவுட் குரோவ் என்ற ரெட்வுட் தோப்பு; ஹௌலண்ட் ஹில் ரோடு தேவையே இல்லை. எல்க் பிரெய்ரியிலிருந்து ஜேம்ஸ் இர்வின் பாதையில், பெரணிச் செடிகள் மூடிய சுவர்களுள்ள ஃபெர்ன் கேன்யன் பள்ளத்தாக்குக்கே போய்வரலாம், போகவர சுமார் 10 மைல். காரில் வருபவர்கள் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை அதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். நடந்து வருபவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

ஹம்போல்ட் ரெட்வுட்ஸில் ஃபௌண்டர்ஸ் குரோவைப் பாருங்கள். 1991 மார்ச்சில் சாய்ந்த டயர்வில் ஜயன்ட் என்ற ரெட்வுட் மரம் அங்கே கிடக்கிறது. விழுந்த மரத்தின் வேர்த்தட்டு ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு எழும்பி நிற்கும். ஆனால் ஆணிவேர் இருக்காது. ரெட்வுட் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் படர்வது. பாதையை விட்டு இறங்கி மண்ணை மிதித்து இறுக்கக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். உலகின் மிக உயரமான மரமான ஹைபீரியனைத் தேடிப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். 380 அடி மரத்தின் அடியில் நின்றால் உச்சி தெரியாது. 2022 முதல் அங்கே போவது தடை, மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

கடலோரத்தில் குளிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி, உள்ளிழுப்பும் அதிகம். எதிர்பாராமல் கரையேறி வந்து ஆளை இழுத்துப்போகும் அலைகள் இந்தக் கரையில் ஆண்டுதோறும் உயிர் வாங்குகின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளைக் கரையொதுங்கிய மரக்கட்டைகள் மேல் ஏறவிடாதீர்கள். கிரெசென்ட் சிட்டியை 1964-ல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி அழித்துப்போட்டது. 2011-ல் ஜப்பான் சுனாமி துறைமுகத்தைப் பதம்பார்த்தது. 2024 டிசம்பர் 5 அன்று இந்தக் கடலிலேயே 7.0 அளவு நிலநடுக்கம் வந்து எச்சரிக்கை விடுத்தார்கள். தரை பலமாக ஆடினால் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்க வேண்டாம், நடந்தே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மரக்கூட்டத்துக்குள் செல்போன் சிக்னலும் வராது. வரைபடம், முன்பதிவுச் சீட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

திரும்பும் நாள்

கிளம்புமுன் வண்டியைச் சுற்றி ஒரு வலம் வாருங்கள்: வெளிப்படி மடங்கியிருக்கிறதா, பக்கப் பந்தல் சுருட்டியிருக்கிறதா, ப்ரோபேன் மூடியிருக்கிறதா, கட்டைகள் எடுத்தாயிற்றா. உள்ளே அலமாரிக் கதவுகளைத் தாழிடுங்கள். முதல் வளைவிலேயே சாம்பார்ப்பொடி டப்பா தலையில் விழும். ஒரே நாளில் சான் ஃபிரான்சிஸ்கோ வரை இழுக்காமல், யுக்காயா பக்கம் ஓர் இரவு தங்கலாம். இல்லையென்றால் கால்டிரான்ஸ் ரெஸ்ட் ஏரியாக்களில் எட்டு மணி நேரம் வரை நிறுத்திக் கண்ணயரலாம்; சாலையோரத்திலும் கடற்கரை வாகன நிறுத்தங்களிலும் இரவு தங்குவதற்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. வண்டியைத் திருப்பித் தரும் இடத்துக்குப் பக்கத்தில் டம்ப் ஸ்டேஷனும் பெட்ரோல் பங்க்கும் எங்கே என்று முந்தின இரவே பார்த்து வையுங்கள். டாங்க் அளவு, பெட்ரோல் முள், மைல் மீட்டர் மூன்றையும் சாவி கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.